வெள்ளை வாங்காதவள்

நஜ்லாவின் படங்கள்
எனக்குப் பின்பக்கமாகத்தான் பழக்கம்.
துணியை இழுத்து மூன்று விரலுக்கு ஓர் ஆணி.
மூலை மடிப்பு
ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு போல.
எண்ணெய் கசிந்த கறையைப் பார்த்தே
அந்தப்பக்கம் முகம் எந்த உயரத்தில் என்று
சொல்லிவிடுவேன்.

மனாமாவில், குதைபியா பக்கம்,
ஷௌகத் பாயின் ஃபிரேம் கடை.
வண்ணக் குழாய்களும் விற்கிறோம்.
ஆறு வருடமாக அவள் கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது:
செங்காவி, பச்சை மண், கோபால்ட் நீலம்,
மறுபடி பச்சை மண்.
வெள்ளை, ஒரு குழாய்கூட இல்லை.
பெருநாளைக்கு ஒன்று சும்மா கொடுத்தேன்.
மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

துணிதான் வெள்ளையாக இருக்கிறதே என்றாள்
இன்னொரு நாள்,
நாங்கள் இருவருமே தப்பாகப் பேசும் இந்தியில்.

பச்சையில் தொடங்குவாள்.
முதல் நாள் முகம் நோயாளியினுடையது.
அதன்மேல் கத்தியால் காவி,
ரொட்டியில் தடவுவது மாதிரி,
அங்கங்கே பச்சை தெரியத் தெரிய.
கூந்தலுக்குக் கருப்புத் தொடமாட்டாள்.
வெளிச்சம் விழும் இடம் வந்ததும்
கத்தி நின்றுவிடும்.
கண்ணில் ஒரு துளி, வளையலில் ஒரு வளைவு,
எல்லாம் அவள் பூசாமல் விட்டவை.

இந்த வாரம் வந்தது
எதிர் லாண்டரி இசக்கியம்மாள்.
உதட்டில் ஊக்கைக் கவ்விக்கொண்டு
யாருடைய காலரிலோ நம்பர் தேடுகிறாள்.
நம்மைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

படத்தை வாங்கியவர் வங்கிக்காரர்.
நிதானமாகப் பார்த்து, விரல் நீட்டினார்:
மூக்கில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது,
அடைத்துத் தாருங்கள்.

அரிசி அளவுக்கு எதற்கு ஓவியரைக் கூப்பிடுவது
என்றார் ஷௌகத் பாய்.
கடைக்கு ஆறு வருடமாக விற்காத குழாயைத் திறந்தேன்.
பூஜ்யம் நம்பர் பிரஷ்.
முனையை நாக்கில் கூராக்கும் கெட்ட பழக்கம் எனக்கு.

அப்போது பாக்கி வாங்க வந்தாள் இசக்கியம்மாள்.
பாயின் பதினோரு தோப், ஒரு கம்பளி.
படத்தின் முன்னால் நின்றாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.
“அயர்ன் பாக்ஸ் வயரு இடது பக்கம்லா போவும்,
வலப்பக்கம் வரைஞ்சு வச்சிருக்கா” என்றாள்.

புள்ளியைக் காட்டினேன்.
தன் மூக்கைத் தொட்டாள்,
கண்ணாடி இல்லாமல் சரியாக அந்த இடத்தை.
“ஏஜெண்டுக்குப் பணம் கட்டுன அன்னைக்குக் கழத்துனது.
ஓட்டை இன்னும் தூரல.
இல்லாத மூக்குத்திக்குப் பெயிண்டு எதுக்கு?”

விலை கேட்டாள்.
அறுநூற்று ஐம்பது தினார்.
உட்கார்ந்ததற்கு
வெள்ளிக்கு ஐந்து வீதம் கொடுத்தாளாம், நான்கு வெள்ளி.
உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்:
“மூவாயிரத்து இருநூத்தம்பது சட்டை.”
வருத்தமா பெருமையா தெரியவில்லை.
எண் சரியாக இருந்தது.

அவள் போனபின்
பிரஷைக் கழுவி வைத்தேன்.
ஒன்றும் செய்யவில்லை.
அந்தப் புள்ளியில்
மூக்குத்தி இருந்ததா, இல்லாமல் போனதா,
நஜ்லா எதைப் பார்த்துக் கத்தியை நிறுத்தினாள்
என்று நான் யாரிடம் கேட்பது?
சட்டம் அடித்தேன். தேக்கு, மெருகில்லாமல்.

வியாழன் மாலை வங்கிக்காரர் வந்தார்.
இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து,
“ஆங், இப்போதுதான் சரியாக இருக்கிறது” என்றார்.

ஷௌகத் பாய்
என்னைப் பார்க்காமல் பில் எழுதினார்.
ஃபிரேம், முப்பத்தெட்டு.
வெள்ளை, ஒரு புள்ளி,
இரண்டு தினார்.